தோசைக்கல்லில் இருக்கிறது பாலிமர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில், ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான் செய்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பலர் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டு, இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எண்ணெய் ஓடுகிற பொருள், பிளாஸ்டிக் கெட்டியான பொருள். ஒன்று இன்னொன்றாக எப்படி மாறும்? பள்ளியோடு வேதியியலை விட்டவள் நான், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
(ஒரு வாசகி, கரூர்)

உங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லை எடுத்துப் பாருங்கள் அம்மா. வாங்கிய புதிதில் அது சாம்பல் நிறத்தில் இருந்திருக்கும், மாவு ஊற்றினால் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி, நாலைந்து நாள் பழக்கிய பிறகுதான் தோசை எழும்பி வந்திருக்கும். பழகிய கல்லின் மேல் கருப்பாக மினுங்குகிற அந்தப் படலம் எங்கிருந்து வந்தது? நீங்கள் தடவிய எண்ணெயிலிருந்துதான். ஆனால் அது இப்போது எண்ணெயாக இல்லை, துணியால் துடைத்தால் வராது, வெந்நீரில் கரையாது, நகத்தால் சுரண்டினாலும் அசையாது. அதுதான் பாலிமர், சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஏராளமாக ஒன்றோடொன்று பிணைந்து உண்டாகும் பொருள். நீங்களே உங்கள் அடுப்பில் செய்தது. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாத பிசுக்கு இருக்கிறதே, அது பாதி தூரம் போய் நின்ற பாலிமர்.

நடப்பது இதுதான். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கிளிசரால் என்ற சின்னத் தலை ஒன்று, அதில் மூன்று நீண்ட வால்கள், வால் ஒவ்வொன்றும் ஒரு கொழுப்பு அமிலம். சில வால்களில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்பு என்ற இடம் இருக்கும். அந்த இடம் ஒரு நீட்டிய கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டால் ஒரு மூலக்கூறின் கை பக்கத்து மூலக்கூறின் கையைப் பிடித்துக்கொள்ளும், அது இன்னொன்றைப் பிடிக்கும், மூன்று வாலும் மூன்று பக்கம் பிடித்துக்கொண்டால் கடைசியில் ஒரு மீன்வலை மாதிரி ஆகிவிடும். வலை எங்கே ஓடும்?

இந்தக் கைகள் எத்தனை என்பதைத்தான் அயோடின் எண் என்று அளக்கிறார்கள். தேங்காயெண்ணெய்க்கு அது 10க்கு அக்கம்பக்கம், நல்லெண்ணெய்க்கு 100ஐத் தாண்டும், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். தேங்காயெண்ணெய் போட்டுக் கல்லைப் பழக்கினால் சரியாக வராது என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுவே. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைவது வேறு விஷயம், அது வெயிலில் வைத்தால் உருகிவிடும். வலை உருகாது.

இது இப்போதுதான் வந்த கண்டுபிடிப்பா? பசுமை, பசுமை என்று பத்து வருடமாகத்தானே பேசுகிறார்கள்?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பேச்சுதான் புதிது. பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1860களிலேயே இதில் தொழிற்சாலை வைத்துவிட்டார். பெயின்ட் டப்பாவில் மேலே படிந்திருந்த ஆளிவிதை எண்ணெய் ஆடை ரப்பர் மாதிரி வளைவதைக் கவனித்தார் என்பார்கள். அந்த எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, பிசினும் தக்கைத்தூளும் மரத்தூளும் சேர்த்து, துணி மேல் உருட்டித் தரைவிரிப்பு ஆக்கினார். அதுதான் லினோலியம். இன்றும் ஐரோப்பாவில் செய்கிறார்கள், அடியில் சணல் துணி வைத்து.

நம் வீட்டிலேயே பாருங்கள். கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற எனாமல் பெயின்ட் பெரும்பாலும் ஆல்கைடு ரெசின் என்ற செயற்கைப் பிசின், அதில் கணிசமான பங்கு சோயா, ஆளி அல்லது நீர் நீக்கிய ஆமணக்கெண்ணெய். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரில் ஃபேக்டிஸ் என்று ஒரு பொருள் சேர்ப்பது உண்டு, தாவர எண்ணெயைக் கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டியாக்கினால் கிடைக்கும் பொடிப்பொடியான பண்டம் அது. ரப்பர் தாளைக் கிழிக்காமல் மென்மையாகத் தேய்ந்து உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்கெண்ணெயிலிருந்து நைலான் எப்படி வருகிறது, விவரமாக எழுதுங்கள். மற்ற எண்ணெயில் இல்லாதது அதில் என்ன?
(கல்லூரி மாணவர், கோவை, இதே கேள்வியை மேலும் பலர் கேட்டிருக்கிறார்கள்)

தம்பி, எனக்கு மிகப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆமணக்கெண்ணெயின் வால்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஒரே அமிலம், ரிசினோலிக் அமிலம். இப்படி ஒரே அமிலம் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்கிற எண்ணெய் அபூர்வம். அந்த அமிலத்தில் 18 கார்பன், 9ஆவது கார்பனில் ஒரு இரட்டைப் பிணைப்பு, 12ஆவதில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. அந்த ஹைட்ராக்சில்தான் விஷயமே. விளக்கெண்ணெய் விரலில் எடுத்தால் தேன் மாதிரி இழுபடுகிறதே, மற்ற எண்ணெய்கள் அப்படி இல்லையே, அந்தப் பிசுபிசுப்பு இதனால் வருவது. ஒன்றோடொன்று உரசும்போது ஹைட்ராக்சில்கள் லேசாகப் பிடித்துப் பிடித்து விடுகின்றன.

இப்போது இந்த 18 கார்பன் வாலை வெட்ட வேண்டும். முதலில் எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி வால்களைத் தலையிலிருந்து கழற்றுகிறார்கள், தலையான கிளிசரால் தனியாக வந்துவிடும். பிறகு 500 டிகிரியைத் தாண்டிய சூட்டில் மிகக் குறைந்த நேரம் காட்டினால் வால் சரியாக இரட்டைப் பிணைப்புக்கும் ஹைட்ராக்சிலுக்கும் நடுவே முறிகிறது. ஒரு பக்கம் 7 கார்பன், இன்னொரு பக்கம் 11 கார்பன். 7 கார்பன் துண்டுக்கு ஹெப்டனல் என்று பெயர், அதைப் பென்சால்டிஹைடோடு சேர்த்தால் மல்லிகை வாசம் வரும், சோப்புக்கும் சென்ட்டுக்கும் போகிறது. 11 கார்பன் துண்டுதான் நைலானுக்கு. அதன் ஒரு முனையில் ஏற்கெனவே அமிலம் இருக்கிறது, மறுமுனையில் ஹைட்ரஜன் புரோமைடு வைத்துப் புரோமினை ஏற்றி, அப்புறம் அம்மோனியா கொண்டு புரோமின் இருந்த இடத்தில் அமின் என்ற நைட்ரஜன் தொகுதியை உட்கார வைக்கிறார்கள். ஒரு முனை அமிலம், ஒரு முனை அமின். இனி சூடாக்கினால் போதும், ஒன்றன் அமினும் அடுத்ததன் அமிலமும் சேர்ந்து நீர் வெளியேற, சங்கிலி நீண்டுகொண்டே போகும். அதுதான் நைலான் 11. அதில் உள்ள கார்பன் அத்தனையும் கொட்டமுத்துச் செடி, அதாவது ஆமணக்கு, காற்றிலிருந்து எடுத்தது.

இதை 1940களில் பிரான்சில் உருவாக்கினார்கள். ரில்சான் என்ற பெயரில் இன்றும் ஆர்கேமா நிறுவனம் விற்கிறது, 2022இல் சிங்கப்பூர் ஜூரோங் தீவில் பெரிய ஆலையும் திறந்தார்கள். லாரியின் ஏர் பிரேக் குழாய், வண்டிகளின் எரிபொருள் குழாய், கடலடி எண்ணெய்க் குழாயின் உள்பூச்சு என்று இடம்பிடித்திருக்கிறது. சாதாரண நைலான் 6 தண்ணீரை நன்றாகக் குடித்து ஊதும், 11 அவ்வளவு குடிக்காது, குளிரிலும் உடையாது. விலை அதிகம் என்றாலும் அதை வாங்குகிறார்கள் என்றால் செடியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் இல்லை, வேலைக்கு ஆகிறது என்பதற்காக. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு வெட்டும் உண்டு. அதே எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் 10, 8 என்று முறியும். 10 கார்பன் துண்டு செபாசிக் அமிலம். அதோடு இரு முனையிலும் அமின் உள்ள 6 கார்பன் டைஅமின் சேர்த்தால் நைலான் 610, பல் துலக்கும் பிரஷ் இழைகளுக்குப் பயன்படுகிற நைலான்களில் ஒன்று. ஆனால் அந்த டைஅமின் வழக்கமாகப் பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. ஆக 16 கார்பனுக்கு 10தான் செடியுடையது. விளம்பரத்தில் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள், நீங்கள் போட்டுப் பாருங்கள்.

ஆத்தூர் பக்கம் மரவள்ளியில் ஊடுபயிராகக் கொட்டமுத்து போடுகிறோம். பிளாஸ்டிக் செய்கிறார்கள் என்றால் எங்களுக்கு விலை ஏறுமா?
(ஒரு விவசாயி, சேலம் மாவட்டம்)

ஐயா, ஏறும் என்று சொல்லி உங்களை ஏக்கர் கணக்கில் விதைக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. உலகச் சந்தைக்குப் போகிற ஆமணக்கெண்ணெயில் 10 பங்குக்கு 8 பங்குக்குக் குறையாமல் இந்தியாவிலிருந்து போகிறது, அதில் பெரும்பகுதி குஜராத். விலையை நிர்ணயிப்பது அங்குள்ள சந்தைதான், அங்கே ஒரு பருவம் நன்றாக விளைந்தால் உங்கள் ஊர் வியாபாரி அன்றைக்கே விலையைக் குறைப்பார்.

ஆனால் தரத்தில் உங்கள் கை இருக்கிறது. பாலிமர் செய்கிறவர்கள் பயப்படுவது இரண்டு விஷயத்துக்கு, ஈரம், அமிலத்தன்மை. உடைந்த முத்தில் நொதிகள் எண்ணெயைத் தின்ன ஆரம்பித்துவிடும், அதனால் அமிலம் ஏறும். ஈரத்தோடு மூட்டை கட்டினாலும் அதே கதைதான். நன்றாகக் காயவைத்து, உடைக்காமல் தோலுரித்து, உடைந்ததைத் தனியாகப் பிரித்து வைத்தால் நல்ல செக்குக்காரர் வித்தியாசம் பார்த்து வாங்குவார். ஏத்தாப்பூரில் உங்கள் பக்கத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ரகம் பற்றி அங்கே நேரில் கேளுங்கள். இன்னொன்று: ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய விஷம் உண்டு. அது எண்ணெயில் வராது, புண்ணாக்கில் தங்கிவிடும். உரமாகப் போடுங்கள், மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள்.

எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். விதை நம்முடையது, எண்ணெய் நம்முடையது, செபாசிக் அமிலம் வரைக்கும் நாட்டிலேயே செய்கிறோம், ஆனால் நைலான் 11 என்ற கடைசிப் படியை ஏறியவர்கள் வெளியில் இருக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குக் கிடைப்பதற்கும் ஒரு கிலோ அந்த நைலானுக்குக் கிடைப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. நம் கல்லூரிகளிலிருந்து யாராவது இந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஆமணக்கு மட்டும்தானா? சோயா, கடலை, புங்கம் இதிலெல்லாம் முடியாதா? உணவு எண்ணெயைப் பிளாஸ்டிக் ஆக்குவது சரியா?
(ஒரு ஆசிரியை, மதுரை)

முடியும். ஆமணக்குக்கு இயற்கையே கொடுத்த ஹைட்ராக்சிலை மற்ற எண்ணெய்க்கு நாம் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். சோயா எண்ணெயை ஹைட்ரஜன் பெராக்சைடோடும் ஃபார்மிக் அமிலத்தோடும் கலக்கினால் இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் முக்கோணமாக உட்கார்ந்துகொள்ளும், இதை எபாக்சி ஆக்குவது என்பார்கள். அந்த நிலையிலேயே பி.வி.சி.யை இளக்கப் பயன்படும், கண்ணாடி ஜாடி மூடியின் உள்ளே இருக்கும் வளையத்தில் அது உண்டு. முக்கோணத்தைத் திறந்தால் ஹைட்ராக்சில் கிடைக்கும், அதை ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளோடு சேர்த்தால், மெத்தைக்குப் போடுகிற பாலியூரித்தேன் நுரை. ஃபோர்டு நிறுவனம் 2008 மாடல் மஸ்டாங் கார் இருக்கையில் சோயா நுரையைப் போட்டது இந்த வழியில்தான், அதிலும் முழுக்கச் சோயா கிடையாது, ஒரு பகுதிதான்.

உணவு எண்ணெய் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் கடலை எண்ணெயை ரெசினாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். தின்ன முடியாதவை நம்மிடம் நிறைய இருக்கின்றன, வேம்பு, புங்கம், எல்லாவற்றுக்கும் மேல் முந்திரி ஓட்டு எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பலும் எண்ணெயும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் தோல் கருத்து உரிந்திருக்கும். அந்தப் புண்ணைச் செய்கிற ஓட்டுச்சாறுதான், சூடாக்கிப் பிரித்தால் கார்டனால் ஆகிறது, வண்டிகளின் பிரேக் லைனிங்கில் சேரும் ரெசின் ஆகிறது. வேதியியல்படி அது சமையல் எண்ணெய் வகை இல்லை, பீனால் வகை, ஆனாலும் கொட்டையோடு சேர்ந்து கிடைக்கிற பொருள், யாருடைய தட்டிலிருந்தும் எடுத்தது இல்லை. அந்தக் கைகளுக்கு நல்ல கையுறை வாங்கித் தருகிற அளவுக்காவது அதன் லாபம் திரும்ப வர வேண்டும்.

"தாவர எண்ணெயில் செய்தது, மண்ணில் மக்கிவிடும்" என்று சொல்லி ஒருவர் கேரி பேக் விற்கிறார். கடைக்கு வாங்கலாமா?
(துணிக்கடைக்காரர், திருப்பூர்)

அவர் ஒரே மூச்சில் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார். எதிலிருந்து செய்தது என்பது ஒன்று, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறொன்று. மேலே சொன்ன நைலான் 11 முழுக்கச் செடியிலிருந்து வந்தது, ஆனால் மக்காது. மக்கக்கூடிய பைகளில் பெரும்பாலும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் சேர்க்கிறார்கள், அது வழக்கமாகப் பெட்ரோலியப் பொருள், ஆனால் உரக்கிடங்கின் சூட்டில் மக்கும்.

எண்ணெயிலிருந்து வந்து மக்கவும் செய்கிற ஒன்று உண்மையிலேயே உண்டு. சில பாக்டீரியாக்களுக்கு எண்ணெய் கொடுத்து வளர்த்தால், நாம் இடுப்பில் கொழுப்பைச் சேர்ப்பது போல அவை உடம்புக்குள் ஒரு பாலியஸ்டரைச் சேர்க்கும். பாஸ்டர் நிறுவனத்தில் லெமுவாஞ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1926இல் இதைக் கண்டறிந்து எழுதினார். ஜப்பானின் கனேகா நிறுவனம் இன்று தாவர எண்ணெய் கொடுத்து இந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கிறது, கடல்நீரிலும் மக்கும். விலைதான் அதிகம், மலிவுக் கேரி பேக் விலைக்கு யாராவது தந்தால் நம்பாதீர்கள்.

செடியா பெட்ரோலியமா என்பதற்குச் சோதனை உண்டு. போன வருடம் வளர்ந்த செடியில் கார்பன் 14 என்ற, காலப்போக்கில் சிதைந்துபோகிற கார்பன் வகை கொஞ்சம் இருக்கும், கோடிக்கணக்கான வருடம் புதைந்து கிடந்த பெட்ரோலியத்தில் அது ஒரு துளியும் இருக்காது. அதை அளந்தே எத்தனை சதவீதம் செடி என்று சொல்லிவிடுவார்கள். மக்குமா என்பதற்கு, விற்பவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழையும், பையிலேயே அச்சிட்ட எண்ணையும், ஐ.எஸ். 17088 தரச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். "வந்துகொண்டிருக்கிறது சார்" என்றால் வாங்காதீர்கள். திருப்பூரில் இருந்துகொண்டு துணிப்பைக்கு என்ன பஞ்சம்?

வடை சுட்ட எண்ணெயைப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படுத்தலாமா?
(டீக்கடைக்காரர், விழுப்புரம்)

மேலே சொன்ன பாக்டீரியா அதைத் தின்னும், பயோடீசலுக்கும் எடுக்கிறார்கள், ரெசினுக்கு என்றால் நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் உங்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெட்டியாகி, ஓரத்தில் நுரை கட்டுகிறதே, அது பாத்திரத்துக்குள்ளேயே பாலிமர் ஆகத் தொடங்கிவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் துருவச் சேர்மங்கள், அதாவது காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெட்டு உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று வைத்திருப்பது இதையும் சேர்த்துத்தான். சேகரிக்க வருபவரிடம் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

அறிவியல் கண்காட்சிக்கு விளக்கெண்ணெயில் பிளாஸ்டிக் செய்ய ஆசை. வீட்டில் செய்யலாமா?
(பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

யூடியூபில் விளக்கெண்ணெயோடு ஐசோசயனேட் ஊற்றிக் கலக்கிக் காட்டுகிறார்கள், அதைச் செய்யாதே அம்மா. அந்த ஆவி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும், ஒரு முறை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவாக நிற்கலாம். 1984இல் போபாலில் கசிந்ததும் அந்தக் குடும்பத்துப் பொருள்தான். நான் படிக்கும்போது ஆய்வகத்தில் புகைப்போக்கிக்கு அடியில் வைத்து முதன்முதலில் செய்தேன், எண்ணெயை முன்கூட்டி உலர்த்தவில்லை, அதிலிருந்த ஈரம் ஐசோசயனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆனதில் வார்ப்பு முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திய எண்ணெயில் மறுவாரம் செய்தபோது தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி, வளைத்தால் வளைகிற ஒரு தகடு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு நாள் செய்வாய், ஆனால் கல்லூரி ஆய்வகத்தில்.

இப்போதைக்கு இதைச் செய். நான்கு கண்ணாடித் தகடு எடுத்துக்கொள், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஆளிவிதை எண்ணெய், ஒவ்வொன்றையும் ஒரு தகட்டில் மிக மெல்லிசாகத் தடவி, வெளிச்சமும் காற்றும் படுகிற ஜன்னலோரம் வை. 0.01 கிராம் காட்டுகிற தராசு கிடைத்தால் தினம் எடை போட்டு எழுது. ஆளிவிதைத் தகடு காய்ந்து தோலாகும்போது எடை குறையும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், ஆனால் கூடும், காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்வதால். விளக்கெண்ணெய் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும், ஏன் என்று உன் நடுவர்கள் கேட்பார்கள். ரிசினோலிக் அமிலத்தில் ஒரு வாலுக்கு ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, காற்றில் காய அது போதாது, அதன் பலம் ஹைட்ராக்சிலில் இருக்கிறது என்று சொல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதே. காயும்போது அது சூட்டை வெளியிடும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடித்துவிடக்கூடும். துடைத்த கையோடு தண்ணீர் வாளியில் முக்கி, வெளியில் கொடியில் விரித்துக் காயப்போடு.